பெரிய பஸ் ஏன் காலியாக ஓடுகிறது?

மத்தியானம் 2 மணி. ஒரு பெரிய பஸ் உங்களைக் கடந்து போகிறது, உள்ளே எண்ணினால் ஆறு பேர். பார்த்தவுடன் யாருக்கும் வருகிற கேள்விதான்: ஆறு பேருக்கு எதற்கு இத்தனை பெரிய வண்டி, ஒரு வேனை விட்டால் போதாதா, டீசலும் மிச்சமாகும், டிக்கெட்டையும் குறைக்கலாமே? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடிப் போனாலே உள்ளூர் பஸ் சேவை எப்படி நடக்கிறது என்பது பாதி புரிந்துவிடும் என்பதால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதே வண்டியைக் காலை எட்டரை மணிக்குப் பாருங்கள். படியில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு தடத்துக்கு எவ்வளவு பெரிய வண்டி வேண்டும் என்பதை மத்தியானத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. நாளிலேயே கூட்டம் அதிகமான அந்த ஒரு மணி நேரத்தில், அந்தத் தடத்திலேயே வண்டி மிகவும் நிறைந்திருக்கும் அந்த ஓர் இடத்தில், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். கடைசி நிறுத்தத்துக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு எந்நேரமும் பஸ் காலியாக வருவது போலவே தெரியும், ஆனால் நடுவில் எங்கோ ஒரு பாலத்தைக் கடக்கும்போது அது பிதுங்கி வழிந்துகொண்டு போயிருக்கும்.

சரி, காலைக்குப் பெரியது ஒன்று, மத்தியானத்துக்குச் சின்னது ஒன்று என்று இரண்டு வண்டி வைத்துக்கொண்டால் என்ன?

இதைப் பார்க்க, பஸ் ஓட்டுகிற செலவை மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓடுகிற தூரத்தால் வருவது ஒன்று: எரிபொருள், டயர், பிரேக் தேய்மானம், பழுது. ஓடுகிற நேரத்தால் வருவது இரண்டாவது: ஓட்டுநர் சம்பளம், நடத்துநர் இருந்தால் அவருடையதும். வண்டி என்று ஒன்று இருப்பதாலேயே வருவது மூன்றாவது: வாங்கிய கடன், காப்பீடு, டெப்போவில் அது நிற்கிற இடம். மத்தியானத்துக்குச் சின்ன வண்டி விட்டால் முதல் குவியலில் கொஞ்சம் மிச்சமாகும். இரண்டாவதில் ஒன்றும் குறையாது, ஏனென்றால் ஆறு பேரை ஏற்றினாலும் அறுபது பேரை ஏற்றினாலும் ஓட்டுநர் ஒருவர்தான், அவருக்கு ஒரு மணி நேரச் சம்பளம் அதேதான். மூன்றாவது கூடவே கூடும்: காலைக் கூட்டத்துக்காகப் பெரிய வண்டியை எப்படியும் வாங்கியாகிவிட்டது, இப்போது அது டெப்போவில் சும்மா நிற்க, பக்கத்தில் இன்னொன்றுக்கும் கடன் கட்ட வேண்டும். அப்புறம் வண்டியை மாற்றுவதற்காகப் பெரியது டெப்போவுக்கு வெறுமனே போக வேண்டும், சின்னது வெறுமனே வர வேண்டும். பல நாடுகளில் இந்த மூன்று குவியலில் உயரமானது ஆள் செலவுதான். அதனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏற்கனவே கையில் இருக்கிற பெரிய வண்டியை மத்தியானமும் ஓட்டுவதே பெரும்பாலும் கட்டுப்படியாகிறது.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். காலை எட்டரைக்கும் இருபது பேரைத் தாண்டாத தடம் ஒன்றில் எழுபது பேருக்கான வண்டி ஓடினால் அது வீண்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆகவே ஒரு பஸ் காலியாகப் போவதைப் பார்த்தால், அதே தடத்தில் அதே வண்டியை நெரிசல் நேரத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. இது ஒன்று புரிந்துவிட்டால் பஸ் பற்றிய எந்தப் பேச்சும் புரியும். ஒரு தடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 25 நிமிடம், அங்கே 5 நிமிடம் ஓய்வு, திரும்பி வர 25, இங்கே 5. ஆக ஒரு முழுச் சுற்றுக்கு 60 நிமிடம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 60-ஐ 15-ஆல் வகுங்கள், நான்கு வண்டி, ஒரு ஷிஃப்டுக்கு நான்கு ஓட்டுநர். அரை மணிக்கு ஒன்று போதுமென்றால் இரண்டு வண்டி. இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: எப்படியாவது அந்தச் சுற்றை 45 நிமிடத்தில் முடிக்க முடிந்தால் அதே பதினைந்து நிமிட சேவையை மூன்று வண்டியில் கொடுத்துவிடலாம். ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர் மிச்சம். இல்லையென்றால் அதே நான்கு வண்டியை வைத்துக்கொண்டு பதினொன்றே கால் நிமிடத்துக்கு ஒரு பஸ் விடலாம், அதுவும் கூடுதல் செலவில்லாமல். பஸ்ஸுக்குத் தனிப்பாதை, சிக்னலில் முன்னுரிமை, மிக நெருக்கமான இரண்டு நிறுத்தங்களை ஒன்றாக்குவது போன்றவற்றுக்காகப் போக்குவரத்துத் துறையினர் மல்லுக்கு நிற்பது பயணிகள் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் அங்கே காசு.

இதே கணக்கில் வண்டியின் அளவையும் சேர்ப்போம். நெரிசல் நேரத்தில், கூட்டம் மிகுந்த இடத்தைத் தாண்டி ஒரு மணிக்கு 280 பேர் போக வேண்டும் என்று வையுங்கள். 70 பேர் கொள்ளும் வண்டி என்றால் மணிக்கு நான்கு நடை, அதாவது நான்கு டிரிப், பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று, அந்த 60 நிமிடச் சுற்றுக்கு நான்கு ஓட்டுநர். 28 பேர் கொள்ளும் மினி பஸ் என்றால் மணிக்குப் பத்து நடை, ஆறு நிமிடத்துக்கு ஒன்று, பத்து ஓட்டுநர். நிறுத்தத்தில் நிற்பவருக்கு இரண்டாவதுதான் சொர்க்கம். ஆனால் கூடுதலாக ஆறு பேருக்குச் சம்பளம் யார் தருவது? ஒரு ஓட்டுநரின் சம்பளம் அங்கே 70 பேர் தலையில் விழுகிறது, இங்கே 28 பேர் தலையில். டிக்கெட் விலையும் வண்டியின் அளவும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது சரியாக இந்த இடத்தில்தான். நைரோபியின் மட்டாட்டு, மணிலாவின் ஜீப்னி போன்ற சிறு வண்டிகள் நகரத்தையே சுமக்கிற இடங்களையும், 18 மீட்டர் பஸ்கள் ஓடுகிற இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சாலை அகலத்தைப் போலவே ஓட்டுநரின் ஒரு மணி நேர உழைப்புக்கு அங்கே என்ன கூலி என்பதும் பெரிய காரணமாக இருப்பது தெரியும்.

சிறு வண்டிப் பரிசோதனைக்கு ஒரு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் எக்ஸிட்டர். 1984-இல் அங்கே பெரிய பஸ்களை எடுத்துவிட்டு 16 இருக்கை கொண்ட ஃபோர்டு ட்ரான்ஸிட் வேன்களை அடிக்கடி ஓடும்படி விட்டார்கள். மக்களுக்குப் பிடித்துப்போய்க் கூட்டம் கூடியது, பிரிட்டனின் மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றின. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்த வேன்களின் இடத்தைப் பல ஊர்களில் சற்றுப் பெரிய வண்டிகள் பிடித்திருந்தன. சேர்ந்த கூட்டத்துக்கு வேனில் இடம் போதவில்லை, வேனும் தினசரி பஸ் உழைப்பைப் பெரிய பஸ் அளவுக்கு நெடுநாள் தாங்குவதில்லை. அடிக்கடி வந்தால் ஆள் வரும் என்பது நிரூபணமானது, வேன்தான் அதற்கு வழி என்பது நிரூபணமாகவில்லை.

அடிக்கடி வருவது ஏன் அவ்வளவு முக்கியம்? நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக இடைவெளியில் பாதி நேரம் காத்திருப்பார். அரை மணிக்கு ஒரு பஸ் என்றால் பதினைந்து நிமிடம். அதோடு, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தை விட நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாகத் தெரிகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. வெயிலில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பத்து நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் பஸ் வரும் தடத்தில் யாரும் கால அட்டவணையைப் பார்ப்பதில்லை, வீட்டை விட்டு இறங்கி நடக்கிறார்கள், அவ்வளவுதான். ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் 1972-இல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: பயணிகள் கூடினால் நடைகள் கூடும், நடைகள் கூடினால் ஏற்கனவே வந்துகொண்டிருந்தவர்களின் காத்திருப்பும் குறையும். நீங்கள் பஸ்ஸில் ஏறுவதால் எனக்கு லாபம். பஸ்ஸுக்குப் பொதுப்பணத்தில் மானியம் கொடுப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது இதுதான்.

இடையில் ஒரு சின்ன விஷயம். அரை மணி நேரம் ஒன்றும் வராமல் பிறகு இரண்டு பஸ் சேர்ந்தாற்போல் வருவதை எல்லோரும் பார்த்திருப்போம், ஓட்டுநர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று திட்டுவோம். பாவம் அவர்கள். கொஞ்சம் தாமதமான பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் கூடுதல் ஆள் சேர்ந்திருக்கும், அவர்களை ஏற்ற கூடுதல் நேரம், அதனால் இன்னும் தாமதம். பின்னால் வருவதற்கு ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். யாரும் தப்பு செய்யாமலே தானாக நடக்கிற ஒன்று இது, 1964-லேயே கணிதத்தில் விளக்கிவிட்டார்கள்.

வண்டிக்கு வருவோம். அளவு என்பது வண்டிப் பொருத்தத்தில் ஒரு பகுதிதான். தோராயமாகச் சொன்னால் 6 முதல் 7 மீட்டர் மினி பஸ், 8 முதல் 10 மீட்டர் நடுத்தர பஸ், 12 மீட்டர் வழக்கமான நகர பஸ், 18 மீட்டர் நடுவில் மடிகிற இணைப்பு பஸ். 12 மீட்டர் வண்டியில் உட்காருபவரும் நிற்பவரும் சேர்ந்து 60 முதல் 80 பேர் என்பார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்றால், நிற்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்று கணக்கு வைப்பது வழக்கம். ஆறு பேர் ஆனால் நெரிசல், அதற்கு மேல் மூச்சுத் திணறல். அதனால் ஒரு பஸ்ஸின் கொள்ளளவு என்று எழுதியிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்று வைத்து அந்த எண் வந்தது என்று கேளுங்கள், ஒரே வண்டி ஒரு தாளில் 70 ஆகவும் இன்னொரு தாளில் 90 ஆகவும் இருக்கும்.

இருக்கை எத்தனை என்பது பயணம் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. பத்து நிமிடம் போகிறவர்கள் அதிகமுள்ள தடத்தில் இருக்கையைக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கி, கதவை இரண்டு மூன்றாக்கினால் ஏறுவதும் இறங்குவதும் சீக்கிரம் முடியும். முக்கால் மணி நேரம் போகிற புறநகர்த் தடத்தில் அதே வண்டியை விட்டால் ஜனங்கள் நின்றே சாவார்கள், அங்கே இருக்கைதான் முக்கியம், கதவு ஒன்றானாலும் பரவாயில்லை. வெளியூர் பஸ்ஸை உள்ளூரில் ஓட்டினால் வரும் அவஸ்தையும் இதே வகைதான்: உயரமான தரை, ஒடுக்கமான ஒற்றைக் கதவு, நெருக்கமான இருக்கை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

தரை உயரம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் யார் பஸ்ஸில் வர முடியும், யார் வர முடியாது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. லாரி அடிச்சட்டத்தின் மேல் கூண்டு கட்டிய பழைய வகைப் பஸ்ஸில் தரை சுமார் 900 மி.மீ. உயரத்திலோ அதற்கும் மேலோ இருக்கும், மூன்று படி ஏற வேண்டும். தாழ்தளப் பேருந்தில் அது 400 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும், படியே கிடையாது. சில வண்டிகள் நிறுத்தத்தில் காற்றை இறக்கி நடைமேடைப் பக்கம் லேசாகச் சாய்ந்தும் கொடுக்கும். சக்கர நாற்காலிக்கு ஒரு பலகையை விரித்தால் போதும். மூட்டு வலிக்காரர், கைக்குழந்தையோடு வருபவர், சேலை கட்டியவர், கையில் மூட்டை வைத்திருப்பவர், இத்தனை பேருக்கும் இது ஏறலாமா வேண்டாமா என்ற வித்தியாசம். கூடவே எல்லோரும் சீக்கிரம் ஏறுவதால் அந்த 60 நிமிடச் சுற்றிலும் நேரம் மிச்சமாகும். ஆனால் வண்டியின் அடிவயிறு தாழ்வாக இருப்பதால் உயரமான வேகத்தடையில் தட்டும், தண்ணீர் தேங்குகிற சாலையில் சிக்கும். அப்படிப்பட்ட சாலைகளுக்காக, இரண்டுக்கும் இடைப்பட்ட 650 மி.மீ. தரை உயரம் என்று ஒரு சமரசம் இருக்கிறது. என் கருத்து: வேகத்தடையை விதிப்படி போட்டுவிட்டுத் தாழ்தள வண்டி வாங்குவதுதான் சரியான வரிசை, மோசமான சாலைக்காக உயரமான வண்டி வாங்குவது கிழவிகள் தலையில் அந்தச் செலவைக் கட்டுவது.

எஞ்சினும் கியரும் வேறு விஷயம். நகரத்தில் நானூறு ஐந்நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம், நடுவில் சிக்னல்கள். ஓட்டுநர் ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான தடவை கிளட்சை மிதிக்க வேண்டியிருக்கும், முழங்கால் போய்விடும். தானியங்கி கியர் உள்ளூர் பஸ்ஸில் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மின்சார பஸ்ஸும் உள்ளூர் சேவைக்குத்தான் முதலில் பொருந்தும்: வேகம் குறைவு, தினமும் ஓடும் தூரம் முன்கூட்டியே தெரியும், இரவு அதே டெப்போவுக்குத் திரும்பி வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் வீணாகிற சக்தியில் ஒரு பகுதியைத் திரும்ப மின்கலத்துக்கு அனுப்பலாம். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது.

அப்புறம் தெரு. 12 மீட்டர் பஸ் வட்டமடிக்க வேண்டுமென்றால் அதன் வெளி விளிம்புக்கு ஏறத்தாழ 12.5 மீட்டர் ஆரம் வேண்டும், அதாவது 25 மீட்டர் அகலமான வெற்றிடம். தெருமுனையில் ஒரு வண்டியை நிறுத்தி வைத்துவிட்டால் பஸ் அங்கே தவிக்க வேண்டியதுதான். பெரிய வண்டி உள்ளே வராமல் முக்குச் சாலையோடு திரும்பிப் போய்விடுவதற்குப் பல இடங்களில் ஆள் இல்லை என்பதை விட இந்த வளைவுதான் காரணம், அங்கே மினி பஸ்தான் பொருத்தம், கட்டணம் கொஞ்சம் கூடினாலும். மாடி பஸ் என்றால் உயரம் சுமார் 4.4 மீட்டர், தாழ்ந்த பாலம், மரக்கிளை, மின்கம்பி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதில் படி ஏறி இறங்குவதற்கு நேரம் பிடிப்பதால் அடுத்தடுத்த நிறுத்தத்தில் இறங்குபவர்கள் நிறைந்த தடத்துக்கு அது ஒத்துவராது. 18 மீட்டர் இணைப்பு பஸ் நேர்மாறு, கதவுகள் பல, ஆள் இறங்குவது நொடிகளில் முடியும், ஆனால் நிறுத்தத்திலும் சந்திப்பிலும் நீளமான இடம் வேண்டும். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-இல் பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை போட்டு, பிற்காலத்தில் இரண்டு இடத்தில் மடிகிற வண்டி வரைக்கும் போக முடிந்தது, பாதையையும் நிறுத்தத்தையும் முதலில் சரிசெய்ததால்தான்.

சாலை தேய்வதையும் கணக்கில் வைக்கவேண்டும். அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த தோராய விதி, ஓர் அச்சின் மீதான சுமை இரட்டிப்பானால் சாலைக்கு ஏற்படும் சேதம் சுமார் பதினாறு மடங்காகும் என்பது. மெலிதாகப் போட்ட உள்தெருவில் நிறைந்த பெரிய பஸ்ஸை ஓட்டினால் அந்தத் தெரு சீக்கிரம் குழியாவது இதனால்தான்.

இனி டிக்கெட். பொதுமக்களுக்கான முதல் நகர வண்டிச் சேவை 1662 மார்ச் 18-இல் பாரிஸில் தொடங்கியது, யோசனை கணித மேதை ப்ளேஸ் பாஸ்கலுடையது. குதிரை வண்டி, குறிப்பிட்ட தடம், குறிப்பிட்ட நேரம், ஆள் இல்லாவிட்டாலும் கிளம்பும். பெயரே ‘ஐந்து சோல் வண்டி’, சோல் என்பது அந்தக் காலப் பிரெஞ்சு நாணயம், அதாவது கட்டணமே பெயர். படைவீரர்களும் கூலியாட்களும் ஏறக்கூடாது என்று பாரிஸ் நீதிமன்றம் தடை போட்டது, அந்தச் சேவையும் காலப்போக்கில் தேய்ந்து மறைந்தது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே வெளியே நிறுத்திவிட்டு ஒரு பொதுச் சேவையை எப்படி நடத்துவது?

எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம் என்பது மிக எளிது. சில்லறை தயாராக இருக்கும், விவாதம் இல்லை, வண்டி சீக்கிரம் கிளம்பும். ஆனால் இரண்டு நிறுத்தம் போகிறவர் இருபது நிறுத்தம் போகிறவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். ஸ்டேஜ் முறையில் தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எத்தனை ஸ்டேஜ் தாண்டுகிறீர்களோ அதற்கேற்ற கட்டணம். இது நியாயமாகத் தெரியும், ஆனால் ஸ்டேஜ் எல்லைக்கு ஒரு நிறுத்தம் அப்பால் இறங்குபவருக்கு ஒரு முழு ஸ்டேஜ் கட்டணம் விழும். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து போகிறவர்களை எல்லாத் தடத்திலும் பார்க்கலாம். நகரத்தை வட்டங்களாகப் பிரிக்கும் மண்டல முறையிலும் இதே எல்லைச் சிக்கல் உண்டு. கவனித்துப் பார்த்தால், தூரம் கூடக்கூடக் கட்டணம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, பின்னால் வரும் கிலோமீட்டர்கள் மலிவாக இருக்கும். ஏறி இறங்குவதற்காக வண்டி நின்று கிளம்பும் செலவு நீங்கள் இரண்டு கிலோமீட்டர் போனாலும் இருபது போனாலும் ஒன்றுதான் என்பது ஒரு காரணம்.

எல்லாவற்றையும் விட அநியாயமாக எனக்குப் படுவது மாறி ஏறும் தண்டனை. நேரடி பஸ் இல்லாததால் இரண்டு பஸ் மாறி வருகிறவர் ஏற்கனவே கூடுதலாக நின்று காத்திருந்தவர், அவரிடமே இரண்டாவது குறைந்தபட்சக் கட்டணத்தையும் வாங்குகிறோம். 2004 ஜூலையில் தென்கொரியாவின் சோல் நகரம் தன் பஸ் அமைப்பையே திருப்பிப் போட்டபோது இதைச் சரிசெய்தது: பயண அட்டையை இயந்திரத்தில் தொட்டு ஏறி, தொட்டு இறங்கினால், பஸ்ஸோ மெட்ரோவோ, மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம், எத்தனை வண்டி மாறினீர்கள் என்பதற்கு இல்லை. லண்டன் 2016-இல் ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் இரண்டாவது பஸ்ஸை இலவசமாக்கியது, 2018-இல் அந்த ஒரு மணிக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் என்று விரித்தது.

அட்டைக்கும் முன்பு சொன்ன அந்த 60 நிமிடச் சுற்றுக்கும் சம்பந்தம் உண்டு. ஓட்டுநரிடமே காசு கொடுத்து ஏறும் வண்டியில் ஓர் ஆளுக்குச் சுமார் 4 நொடி, சில்லறைத் தகராறு வந்தால் இன்னும் மேலே. முன்பே டிக்கெட் எடுத்துவிட்டு எல்லாக் கதவிலும் ஏறினால் 2 நொடிதான். ஒரு சுற்றில் 120 பேர் ஏறினால் வித்தியாசம் 4 நிமிடம். நடத்துநர் இருக்கும் வண்டியில் ஓட்டுநர் காத்திருக்காமல் கிளம்பிவிடலாம், டிக்கெட் ஓடும்போதே கொடுக்கப்படும். அதனால் நடத்துநரை வெறும் சம்பளச் செலவாகப் பார்த்து எடுத்துவிட்ட இடங்களில் சில சமயம் வண்டி நிற்கும் நேரம் கூடி, அதே இடைவெளியைக் காக்க இன்னொரு வண்டி போட வேண்டி வந்திருக்கும். அவர் முதியவருக்குக் கைகொடுப்பதும், இறங்க வேண்டிய இடத்தைச் சொல்வதும் எந்தக் கணக்கிலும் வராது.

ஒரே தடத்தில் சாதாரண பஸ், விரைவு பஸ், குளிர்சாதன பஸ் என்று மூன்று விலை இருப்பது ஏன்? குளிர்சாதன வண்டிக்கு வாங்கும் விலையும் எரிபொருளும் கூடுதல், நின்று வருபவர்களையும் அவ்வளவாக ஏற்றுவதில்லை, ஆக செலவு குறைவான தலைகளில் பங்காகிறது. விரைவு பஸ் கதை வேறு. நிறுத்தம் குறைவு, சுற்றுச் சீக்கிரம் முடியும், பஸ் நிறுவனத்துக்கு ஒரு நடைக்கு ஆகும் செலவு சாதாரண பஸ்ஸை விடக் குறைவாகவே வர வாய்ப்புண்டு. அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது செலவுக்காக என்பதை விட, நேரத்தை மிச்சம் பிடிக்க விரும்புகிறவர் கொடுப்பார் என்பதற்காக. எல்லாச் சாதாரண நடைகளையும் எடுத்துவிட்டு விரைவு நடைகளை மட்டும் விடும்போது மக்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான், அது பெயர் மாற்றி வைத்த கட்டண உயர்வு.

நேரடியாகக் கட்டணத்தை உயர்த்தினால் என்ன ஆகும்? பிரிட்டனில் 2004-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொன்னதைத் தோராயமாக எடுத்துக்கொள்வோம்: கட்டணம் 10 சதவீதம் கூடினால் உடனடியாக 4 சதவீதப் பயணிகள் குறைவார்கள், பல வருடங்கள் போனபின் அந்தக் குறைவு 10 சதவீதத்தை நெருங்கும். இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். முன்பு 100 பேர், தலைக்கு 100 அலகு, வரவு 10,000. உயர்த்திய உடனே 96 பேர், தலைக்கு 110, வரவு 10,560. நல்ல லாபம். சில வருடங்கள் கழித்து 90 பேர், தலைக்கு 110, வரவு 9,900. கையில் இருந்ததும் போயிற்று. முதலில் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், நாளைக்கே யாரும் வேலையையோ வீட்டையோ மாற்ற முடியாது. மெல்ல ஓர் இருசக்கர வண்டி வாங்குவார்கள், அதன் பிறகு கட்டணத்தைத் திரும்பக் குறைத்தாலும் அவர்கள் வருவது கடினம். வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் கூடுதல் காசைக் கொடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் இருப்பார்கள்.

அப்படியானால் இலவசமாகவே விட்டுவிடலாமா? பெல்ஜியத்தின் ஹாஸெல்ட் 1997-இல் அப்படிச் செய்தது, கூட்டம் பல மடங்கு கூடியது, செலவு தாங்காமல் 2013-இல் பெரும்பாலோருக்கு நிறுத்தியது. அதே 2013-இல் எஸ்டோனியாவின் டாலின் தன் குடிமக்களாகப் பதிந்தவர்களுக்கு இலவசமாக்கியது. லக்ஸம்பர்க் 2020-இல் நாடு முழுவதற்கும் செய்தது. வரிப்பணம் போதிய அளவு இருக்கும் இடத்தில், ஏற்கனவே டிக்கெட் வரவு செலவில் சின்னப் பங்காக இருக்கும் இடத்தில் இது எளிது. டிக்கெட் காசில்தான் பாதிச் சம்பளம் போகிறது என்ற இடத்தில் அந்தக் காசுக்கு மாற்று வழி சொல்லாமல் இலவசம் என்றால், புது வண்டி வாங்குவது நின்று, நடைகள் குறையும், காத்திருப்பு கூடும். மாத பாஸ் இதற்கு நடுவில் வருவது. மாதம் 22 நாள், நாளுக்கு இரண்டு என்றால் 44 டிக்கெட், பாஸை 32 டிக்கெட் விலைக்குக் கொடுத்தால் தினசரி வருகிறவருக்கு மலிவு, நிறுவனத்துக்கு மாத ஆரம்பத்திலேயே காசு, ஏறும் வேகமும் கூடும். சிக்கல் ஒன்றுதான், தினக்கூலிக்காரர் கையில் மாத ஆரம்பத்தில் 32 டிக்கெட் காசு மொத்தமாக இருக்காது. இதற்குத்தான் லண்டன் போன்ற இடங்களில் அட்டையிலேயே நாள் உச்சவரம்பு வைத்தார்கள், அன்றைக்கு அந்த அளவைத் தொட்டபின் மேற்கொண்டு பிடிக்காது, முன்பணமும் வேண்டாம்.

மறுபடி அந்த மத்தியான பஸ். வண்டியைச் சின்னதாக்குவதில் பெரிய மிச்சம் இல்லை என்று பார்த்தோம், ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அடுத்துக் கைவைப்பது நடையின் மீதே: இரண்டு மணி நடையை எடுத்துவிடு. ஆறு டிக்கெட்தானே போகிறது? அந்த ஆறு பேர் யார் என்று கேட்க வேண்டும். காலை ஷிஃப்ட் முடித்துத் திரும்புகிறவர், மருத்துவமனைக்குப் போய் வருகிறவர், அரை நாள் வேலைக்காரர். இவர்களில் பலரும் காலையில் இதே தடத்தில் டிக்கெட் வாங்கித்தான் போயிருப்பார்கள். திரும்பி வர பஸ் இல்லையென்றால் போவதற்கும் பஸ்ஸை நம்ப மாட்டார்கள், காலை நடையில் சில டிக்கெட் குறையும். அதைப் பார்த்து அடுத்த வருடம் காலையில் ஒரு நடையை எடுப்பார்கள், இடைவெளி பதினைந்திலிருந்து இருபது நிமிடமாகும், இன்னும் சிலர் இறங்கிவிடுவார்கள். இரவு கடைசி நடைக்கும் இதேதான். கடைசி பஸ்ஸில் நான்கு பேர்தான் வருவார்கள், ஆனால் அதற்கு முந்தைய பஸ்ஸில் வரும் முப்பது பேர், இதைத் தவறவிட்டாலும் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் தங்கள் சொந்த வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு நடையின் வரவை அந்த நடையின் டிக்கெட்டுகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் இந்த முப்பது பேரும் கணக்கில் வர மாட்டார்கள். உங்கள் தடத்தில் ஒரு நடையை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தால், அந்த நடையில் ஏறுகிறவர்கள் அன்றைக்கு வேறு எந்தெந்த நடைகளில் பயணம் செய்கிறார்கள் என்று எண்ணினீர்களா என்று கேளுங்கள். அட்டையும் பாஸும் இருக்கும் ஊரில் அந்த விவரம் அவர்களிடமே பதிவாகியிருக்கும்.